கழுகுக் கதை போதும், கல்லாப்பெட்டிக்கு வாருங்கள்

மாவட்ட அளவில் தொழில்முனைவோர் பயிற்சிக்குப் பாட அட்டவணை போடுகிறவர்களுக்கும், அதில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும்,

இந்தப் பருவத்தின் 10 நாள் அட்டவணையைப் பார்த்தோம். போன முறை வரை மூன்று அரை நாட்கள் இருந்த நடத்தைப் பயிற்சி இதில் இல்லை. முதல் நாள், குத்துவிளக்கு ஏற்றிச் சால்வை போர்த்தி முடித்த கையோடு, 11.15 முதல் 12.30 வரை ‘வெற்றி தரும் மனப்பான்மை: சிறப்புரை’ என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. வளையம் எறிவதும் கட்டை அடுக்குவதும் விளையாட்டு, அந்த நேரத்தில் திட்ட அறிக்கையையும் ஜிஎஸ்டியையும் கூடுதலாக நடத்தலாம், மிச்சத்தைக் காணொளியில் பார்த்துக்கொள்ளட்டும் என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். அதை எங்களால் ஏற்க முடியவில்லை. இந்த வகுப்புகளை எடுக்கிறவர்களும், பயிற்சி முடித்தவர்களின் கடைக்கும் பட்டறைக்கும் போய்ப் பார்க்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

திட்ட அறிக்கை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது இல்லாமல் வங்கி வாசலையே மிதிக்க முடியாது. ஆனால் வகுப்பில் கற்ற கணக்கு எந்த இடத்தில் கைவிட்டுப் போகிறது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

வீட்டில் கேக் செய்து விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். விலை நிர்ணய வகுப்பில் அவர் சரியாகத்தான் கணக்குப் போடுகிறார். ஒரு கிலோ கேக்குக்கு மைதா, முட்டை, வெண்ணெய், க்ரீம், சர்க்கரை 390 ரூபாய். பெட்டி, அடி அட்டை, மெழுகுவத்தி 45. ஓவன் ஓடும் கரண்ட் 25. மூன்று மணி நேர உழைப்புக்கு 240. ஆக 700, லாபம் 200 சேர்த்து விலை 900. தாளில் எல்லாம் சரி, பத்துக்குப் பத்து மதிப்பெண். மறுவாரம் ஒருவர் போனில் விலை கேட்கிறார். “900 ஆகும்க்கா” என்கிறார் இவர். எதிர்முனையில் இரண்டு நொடி சத்தமில்லை. இவரே, “சரிக்கா, உங்களுக்குன்னா 750 குடுங்க” என்று இறங்கிவிடுகிறார். அந்த அக்கா விலையைக் குறைக்கச் சொல்லவே இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று திரும்பிப் பார்த்திருக்கலாம். 200 ரூபாய் லாபத்தில் 150 அந்த இரண்டு நொடியில் போயிற்று.

இன்னும் இரண்டு மணி நேரம் விலை நிர்ணயப் பாடம் நடத்தினாலும் அந்த 150 திரும்பாது. அவருக்குக் கணக்கு தெரியும். விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் தெரியவில்லை. இதற்கு என்ன பயிற்சி என்பது எங்களுக்குத் தெரியும், உங்களுக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது: இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் விலை சொல்ல, மற்றவர் முகத்தைச் சுளித்தபடி பேசாமல் இருக்க வேண்டும். சொன்னவர் மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். ஆளுக்குப் பத்து முறை. முதல் மூன்று முறை எல்லோரும் சிரித்துவிடுவார்கள். ஆறாவது முறைக்கு மேல்தான் நாக்கு அடங்கும். இதோடு இன்னொரு விதியும் உண்டு. விலையைக் குறைத்தால் கூடவே எதையாவது குறைக்க வேண்டும். “750-க்கு வேணும்னா முக்கால் கிலோல பண்ணித் தரேன்க்கா” என்று சொல்லிப் பழக வேண்டும். மொத்தம் 50 நிமிடம் ஆகும். இதைத்தான் விளையாட்டு என்று எடுத்துவிட்டீர்கள்.

அடுத்தது பாக்கி வசூல். எங்கள் அனுபவத்தில் தொழில் நின்றுபோவதற்குப் போட்டியைவிட இதுதான் பெரிய காரணம்.

உங்கள் அட்டவணையில் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்துக்கு அரை மணி நேரம் இருக்கிறது. நல்லது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் வாங்குகிறவர் சரக்கை ஏற்ற 15 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி, முறையிட அரசின் இணையதளம், அதற்குச் சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் வேண்டும். எல்லாம் ஒரே ஸ்லைடில் அடங்கிவிடும். அந்த ஸ்லைடைப் பார்த்துக் குறிப்பெடுத்த லேத் பட்டறைக்காரர் மூன்று மாதப் பாக்கிக்காக ஆர்டர் கொடுத்த கம்பெனிக்குப் போகிறார். வரவேற்பறையில் முக்கால் மணி நேரம் உட்காருகிறார். பர்சேஸ் ஆள் வெளியே வந்து, “என்னங்க, ஏதாச்சும் விஷயமா?” என்கிறார். இவர் எழுந்து நின்று, “ஒண்ணுமில்ல சார், சும்மா இந்தப் பக்கமா வந்தேன்” என்கிறார். டீ குடித்துவிட்டுத் திரும்புகிறார். பையில் சட்டம் இருக்கிறது, வாயில் வரவில்லை.

இந்தக் கூச்சம் நம் ஊரில் ஆழமானது. தனக்கு வர வேண்டியதைக் கேட்பதையே கைநீட்டுவதாக நினைக்கிற பழக்கம். இதன் பின்விளைவு இன்னும் மோசம். ஆறு மாதம் வாயைத் திறக்காதவர் ஏழாவது மாதம் ஒருநாள் கேட்டில் நின்று கத்திவிடுவார். பணமும் வராது, அடுத்த ஆர்டரும் வராது. கூச்சத்துக்கும் சண்டைக்கும் நடுவில் ஒரு குரல் இருக்கிறது. அதைப் பழக்க வேண்டும். நாங்கள் பழக்குவது நான்கே விஷயம்: பில் எண், தேதி, தொகை, எப்போது என்ற கேள்வி. “சார், பில் நம்பர் 47, போன மாசம் 3-ஆம் தேதி, 18,400 ரூபா. இந்த சனிக்கிழமை எவ்வளவு போட முடியும், மிச்சம் எப்பன்னு சொன்னீங்கன்னா எழுதிக்கிறேன்.” மன்னிப்பு, குடும்பக் கஷ்டம், பெண் கல்யாணம் எதுவும் கிடையாது. ‘எழுதிக்கிறேன்’ என்று சொல்லும்போதே நோட்டைக் கையில் எடுக்க வேண்டும். எதிரில் இருப்பவர் நோட்டைப் பார்த்ததும் ஒரு தேதி சொல்லிவிடுவார். இது பலமுறை கண்டது.

நாள் கணக்கும் உண்டு. சரக்கு இறக்கும் அன்றே செல்லானில் கையெழுத்தும் முத்திரையும். 30-ஆம் நாள் பில்லின் படத்தோடு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி. 40-ஆம் நாள் போன். 46-ஆம் நாள் சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு கடிதம், கோபமில்லாத மொழியில். இதைப் பாத்திரம் ஏற்று நடித்துப் பார்க்க வேண்டும். பயிற்றுநர் பர்சேஸ் ஆளாக உட்கார்ந்து, வழக்கமான சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும்: “அக்கவுண்ட்ஸ்ல ஆள் லீவு”, “எங்களுக்கே பேமெண்ட் வரல”, “உங்க ஜாப்ல ரெண்டு ரிஜெக்ஷன் இருக்கே”. மூன்றாவது சாக்கில்தான் பலர் உடைவார்கள். ரிஜெக்ஷனையும் பாக்கியையும் தனித்தனியாகப் பேச அங்கேதான் கற்றுத்தர வேண்டும். “அந்த ரெண்டு பீஸுக்கு இப்பவே கழிச்சிக்கலாம் சார், மிச்ச 98-க்கு தேதி சொல்லுங்க.” காணொளியில் இதை எப்படிக் கற்றுத்தருவீர்கள்?

கல்லாப்பெட்டி விஷயம் எல்லோரும் அறிந்ததுதான், ஆனாலும் தொகையாக எழுதிப் பார்த்தால்தான் உறைக்கும். ஒரு மளிகைக் கடை, நாளுக்கு 5,000 ரூபாய் விற்பனை. 15 சதவீதம் நின்றால் 750. வாடகை, கரண்ட், பை, வண்டி என்று நாளுக்கு 250 கழித்தால் கையில் நிற்பது 500. கல்லாவிலிருந்து வீட்டுக்குப் போவதைத் துண்டு துண்டாகப் பாருங்கள்: காலையில் பால், பிள்ளையின் நோட்டு, பெட்ரோல், ரீசார்ஜ், சாயங்காலம் ஒரு மொய். கூட்டினால் 700. நாளுக்கு 200 ரூபாய் லாபத்திலிருந்து போகவில்லை, முதலிலிருந்து போகிறது. மாதம் 6,000, வருடம் 72,000. அவ்வளவு சரக்கு கடையைவிட்டு நடந்து போயிருக்கிறது. திருட்டுப் போயிருந்தால் அவர் போலீசுக்குப் போயிருப்பார். இதற்கு, “வியாபாரம் முன்ன மாதிரி இல்லீங்க” என்று மட்டும் சொல்வார், அலமாரியில் முன்வரிசை மட்டும் நிறைந்திருக்கும். பின்னால் காலி.

இதற்கு இரட்டைப் பதிவுக் கணக்கு கற்றுத்தருவது எறும்பைப் பிடிக்க யானை வாங்கிய கதை. டொமினிக்கன் குடியரசில், ஒரு நுண்கடன் வங்கியின் வாடிக்கையாளர்களைப் பிரித்து ஒரு பிரிவுக்கு முறையான கணக்கியலும், இன்னொரு பிரிவுக்கு எளிய கைவிதிகளும் கற்றுத்தந்து பார்த்தார்கள். கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் இரண்டு இழுப்பறைகளில் வை, உனக்கென்று ஒரு சம்பளம் எடு, இப்படிப்பட்டவைதான் அந்தக் கைவிதிகள். கைவிதி கற்றவர்களிடம்தான் பழக்கம் மாறியது. முறையான கணக்கியல் கற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2014-இல் வெளியான ஆய்வு அது. நாங்களும் இரண்டு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். மூடியில் ‘கடை’, ‘வீடு’ என்று அவர்களே எழுத வேண்டும். சனிக்கிழமை ஒருநாள்தான் கடையிலிருந்து வீட்டுக்கு மாற்றலாம். நடுவில் எடுத்தால் தொகையும் காரணமும் எழுதிய சீட்டு டப்பாவுக்குள் கிடக்க வேண்டும். இரண்டாவது வாரம் சீட்டு எழுத அலுத்துப்போய்ப் பலர் எடுப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அந்த அலுப்புதான் அதில் பாடம்.

தேதி சொல்வதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை; தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி எந்தத் தையல் கடை வாசலிலும் போய் நின்று பாருங்கள். நாளைக்கு நான்கு லைனிங் பிளவுஸ் தைக்கிறவர் 20 நாளில் 80 தைக்கலாம். 130 துணி வாங்கி வைத்திருப்பார். பேராசை என்று சொல்லிவிடாதீர்கள். முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்ல வரவில்லை, அவ்வளவே. சுவரில் ஒரு நாட்காட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு கோடு, கோடு நிறைந்தால் அந்தத் தேதி முடிந்தது. வாடிக்கையாளரிடம் கட்டத்தைக் காட்டி, “இதுல எடம் இல்லக்கா, 25-ஆம் தேதி கட்டம் காலியா இருக்கு, போட்டுக்கவா?” என்று கேட்கச் சொல்கிறோம். ‘முடியாது’ என்று இவர் சொல்ல வேண்டியதில்லை, சுவர் சொல்லிவிடும்.

வங்கித் தவணையிலும் இதே கதைதான். தவணை தவறினால் 30 நாள் வரை ஒரு நிலை, 31 முதல் 60 வரை அடுத்தது, 61 முதல் 90 வரை மூன்றாவது, 90 தாண்டினால் வாராக்கடன். ரிசர்வ் வங்கியின் இந்த வகைப்பாட்டை நீங்கள் நடத்துகிறீர்கள். தவணை தவறிய மறுநாளே கிளைக்குப் போய், என்ன நடந்தது, எப்போது கட்டுவேன் என்று சொல்கிறவருக்கு வழி உண்டு. மேனேஜர் எண்ணைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைக்கிறவருக்கு 90 நாள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். சொந்தத் தொழிலுக்குக் கடனோடு மானியம் தரும் மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் அந்த மானியம் 3 ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக நிற்கிறது. அதைக் கடனில் கழிக்கும் நாள் வருவதற்கு முன்பே கணக்கு கெட்டுப்போகிறதென்றால், அதில் போனைக் கவிழ்த்து வைத்த அந்த வாரத்துக்கும் பங்கு உண்டு.

இதெல்லாம் பயிற்றுநர்களின் ஆசை என்று நினைக்காதீர்கள். மனப்பான்மையைப் பயிற்சியால் மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு முதலில் விடை தேடிய இடங்களில் ஒன்று நம் பக்கத்து மாநிலம். 1964-இல் ஆந்திரத்தின் காக்கிநாடா வணிகர்களுக்கு, ஐதராபாத்தின் சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து, ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், சாதிக்க வேண்டும் என்ற உந்துதலை வளர்க்கும் சாதனை ஊக்கப் பயிற்சியை நடத்திப் பார்த்தார். வேலூர் வணிகர்களும் அந்த முயற்சியில் பங்கேற்றார்கள். பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடக் கூடுதல் முனைப்போடு தொழில் செய்ததைப் பின்னர் பதிவு செய்தார்கள். நீங்கள் நீக்கியிருக்கும் வளையம் எறிதலும் கட்டை அடுக்குதலும் அந்த மரபில் வந்தவைதான்.

அண்மைச் சான்று வேண்டுமென்றால் டோகோ. தலைநகர் லோமேயில் 1,500 குறுந்தொழில் நடத்துபவர்களை 500 பேர் கொண்ட மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான வணிகப் பயிற்சி, ஒன்றுக்குத் தானாக முயலும் பழக்கத்தை வளர்க்கும் தன்முனைப்புப் பயிற்சி, ஒன்றுக்கு எதுவுமில்லை. இரண்டு பயிற்சிக்கும் ஒரே நேரம்: மூன்று மணி நேர வகுப்புகள் 12, மொத்தம் 36 மணி, அதன் பின் நான்கு மாதம், மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநர் கடைக்கே போனார். இரண்டு ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்ததில், தன்முனைப்புப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. வழக்கமான பயிற்சியில் 11 சதவீதம்; அதுவும் தற்செயல் அல்ல என்று புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. 2017-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. இலங்கையில் கொழும்பு, கண்டி வட்டாரங்களில் ஏற்கெனவே தொழில் நடத்திவந்த பெண்களுக்குப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வழக்கமான பயிற்சியைத் தந்து பார்த்தபோது, தொழில் நடைமுறைகள் சில மாறின. பயிற்சி மட்டும் பெற்றவர்களின் லாபம் உயரவில்லை.

எங்கள் வாதத்துக்குப் பாதகமான சான்றையும் மறைக்க விரும்பவில்லை. ஜமைக்காவில் இதேபோன்ற நடத்தைப் பயிற்சியின் பலன் மூன்று மாதத்தில் தெரிந்தது, ஓராண்டில் மங்கிவிட்டது. ஆகவே மூன்று அரை நாட்களைத் திருப்பித் தந்தால் மட்டும் போதும் என்று நாங்கள் கேட்கவில்லை. வகுப்பில் தொடங்கிய பழக்கம் கடையில் நிலைக்கும்வரை யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் முதன்மையான கோரிக்கை.

இனி, அந்த ‘விளையாட்டை’ ஏன் விளையாட்டாக நினைத்தீர்கள் என்பது எங்களுக்குப் புரிகிறது, ஏனென்றால் பல இடங்களில் அது விளையாட்டாகத்தான் நடக்கிறது. 60 பேர், ஒரே கம்பம், 40 நிமிடம், விசில், கைதட்டல், அதிக வளையம் போட்டவருக்கு எவர்சில்வர் டப்பா பரிசு. பரிசு கொடுத்த நொடியிலேயே பயிற்சி செத்துவிட்டது. சரியாகச் செய்தால் அது இப்படி இருக்கும். ஓரடி உயரக் கம்பம். கயிற்று வளையம் ஐந்து. தரையில் ஓரடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு, 12 அடி வரை. ஒவ்வொருவரும் எந்தக் கோட்டில் நிற்பார், ஐந்தில் எத்தனை விழும் என்பதை முதலில் எழுதித் தர வேண்டும். பிறகுதான் எறிய வேண்டும். மூன்று சுற்று. நிற்கும் கோட்டைச் சுற்றுக்குச் சுற்று மாற்றலாம்.

எறிவது 30 நிமிடம், பேசுவது 90 நிமிடம். ஓரடியில் நின்று ஐந்தும் போட்டவரிடம், அடுத்த சுற்றிலும் ஏன் அங்கேயே நின்றீர்கள் என்று கேட்க வேண்டும். 12 அடியில் நின்று ஐந்தும் தவறவிட்டவர் அடுத்த சுற்றிலும் 12 அடிக்கே போனால், அங்கே கிடைக்கும் தோல்வியில் ஒரு சௌகரியம் இருக்கிறது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பதை அவரே சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். முதல் சுற்றில் ஐந்தடி, இரண்டு விழுந்தது, அடுத்த சுற்றில் நாலடி, மூன்று விழுந்தது, மூன்றாவதில் மீண்டும் ஐந்தடி என்று நகர்ந்தவரைக் கரும்பலகைக்கு அழைத்து, அவர் கோட்டை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று விளக்கச் சொல்ல வேண்டும். பிறகு அவரவர் திட்ட அறிக்கையை எடுத்து, கேட்டிருக்கும் கடன் தொகை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறிக்கச் சொல்ல வேண்டும். 4 லட்சம் போதுமான தொழிலுக்கு மானியம் கூடுதலாக வரும் என்பதற்காக 10 லட்சம் எழுதியவர்கள் அந்த இடத்தில் தலை குனிவார்கள். அறிக்கையை அன்று மாலையே திருத்துகிறவர்கள் உண்டு. உங்கள் திட்ட அறிக்கை வகுப்புக்கு இதைவிட நல்ல துணை எது?

கட்டை அடுக்குவதும் அப்படித்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு இடக்கையால் மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குபவருக்குப் பின்னால் இருவர் நின்று வழி சொல்வார்கள். எத்தனை கட்டை நின்றது என்பது முக்கியமில்லை. பின்னால் நின்றவர் கையைப் பிடித்து இழுத்தாரா, “ஐயோ விழுது விழுது” என்று பதறினாரா, “கொஞ்சம் வலப்பக்கம், அரை விரல்” என்று சொன்னாரா என்பதை மூன்றாவது ஆள் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பதற்றக்காரர் நாளை இரண்டு பேரை வேலைக்கு வைத்தால் எப்படி இருப்பார் என்பது அந்தத் தாளில் இருக்கும். 25 பேருக்கு மேல் இருந்தால் இதைச் செய்ய முடியாது. அப்போது செய்யாமல் விடுவதே மேல்.

சிறப்புரைக்கு வருவோம். கழுகு 40 வயதில் மலை உச்சிக்குப் போய், தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, புது அலகு முளைத்து, இன்னும் 30 ஆண்டு வாழும் என்ற கதை இல்லாத ஊக்க உரையை நாங்கள் அரிதாகத்தான் கேட்டிருக்கிறோம். அப்படி ஒரு கழுகு கிடையாது. அலகை உடைத்துக்கொண்ட கழுகு இரை கிழிக்க முடியாமல் பட்டினியில் சாகும். பொய்த் தகவல் என்பது இருக்கட்டும். கேட்டு முடித்தவர் மறுநாள் காலை கடையைத் திறந்து எதை வேறுமாதிரிச் செய்ய வேண்டும் என்று அந்த 75 நிமிடத்தில் ஒரு வார்த்தை இருந்ததா? அன்று ராத்திரி வரைக்கும் ஒரு சூடு இருக்கும். அவ்வளவுதான் அதன் ஆயுள்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். மனப்பான்மை என்ற சொல் பயிற்சி கொடுப்பவர்களுக்கு மிக வசதியான சொல். தொழில் நின்றுபோனால் “அவருக்கு மனப்பான்மை சரியில்லை” என்று கோப்பை மூடிவிடலாம். பெரிய கம்பெனி 120 நாள் பணம் தராமல் இழுத்தால் அது பட்டறைக்காரரின் மனப்பான்மைக் குறை இல்லை. வங்கி ஆறு மாதம் விண்ணப்பத்தை நகர்த்தாமல் வைத்தால் அதுவும் இல்லை. எது தன் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கச் சொல்லித்தருவதும் நடத்தைப் பயிற்சிதான். அதைச் சொல்லாமல் எல்லாவற்றையும் பயிற்சிக்கு வந்தவர் தலையில் கட்டுகிற வகுப்பு நடக்காமல் இருப்பதே நல்லது.

பயிற்சி கொடுப்பவர்களின் நடத்தை? 45 வயது அம்மாவை எல்லோர் முன்னிலையிலும் “எழுந்து நின்னு சொல்லும்மா, புரிஞ்சுதா இல்லையா” என்று அதட்டுகிறவர், அதே மேடையில் வாடிக்கையாளரை மதிப்பது எப்படி என்று பாடம் எடுக்கிறார். பத்து மணி வகுப்பு, அதிகாரி வரும்வரை காத்திருந்து, பதினொன்றேகாலுக்குத் தொடங்குகிறது. அன்றைய தலைப்பு நேர மேலாண்மை. மனைவி பெயரில் விண்ணப்பித்துவிட்டு, வகுப்பில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லும் கணவரை ஒருவரும் வெளியே காத்திருக்கச் சொல்வதில்லை. வந்தவர்கள் சொல்லைக் கேட்டுக் கற்பதைவிடக் கண்ணால் பார்த்துக் கற்பது அதிகம்.

நாங்கள் கேட்பவை இவை.

நீக்கிய மூன்று அரை நாட்களை அட்டவணையில் திரும்பச் சேருங்கள். மூன்றையும் முதல் நாளில் கொட்டாமல் 2, 5, 9-ஆம் நாட்களில் வையுங்கள். இடையில் உள்ள நாட்களில் செய்துவரப் பணி கொடுக்க வேண்டும்: தொழில் நடத்துகிறவர் உண்மையான ஒரு பாக்கியைக் கேட்டுவிட்டு வரட்டும், இன்னும் தொடங்காதவர் 200 ரூபாய்க்குக் கடலைமிட்டாய் வாங்கி, பேருந்து நிலையத்தில் இரண்டு மணி நேரம் நின்று விற்றுவிட்டு வரட்டும். விற்றது எவ்வளவு என்பதைவிட, எத்தனை பேரிடம் வாய் திறந்து கேட்டார் என்பதை எழுதி வர வேண்டும்.

நடத்தைப் பயிற்சிக்கு ஓர் அணியில் 25 பேருக்கு மேல் வேண்டாம். 60 பேர் வந்தால் மூன்றாகப் பிரியுங்கள். சட்டம், வரி, இணையப் பதிவு ஆகியவற்றைக் காணொளியில் வைத்துக்கொள்வதில் எங்களுக்கு மறுப்பில்லை. நேரம் அங்கிருந்து கிடைக்கும்.

பயிற்சி முடிந்த பின் நான்கு மாதம், மாதம் ஒருமுறை, பயிற்றுநர் தொழில் நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் இரண்டு ஆண்டு பின்தொடரல் என்பது விதியிலேயே இருக்கிறது. நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. 25 பேருக்கு நான்கு மாதத்தில் 100 வருகை. நாளுக்கு மூன்று இடம் என்றால் 34 நாள். பேருந்துக் கட்டணம் சேர்த்து நாளுக்கு 1,500 வைத்தாலும் 51,000 ரூபாய். ஊரகப் பகுதிப் பெண் ஒருவரின் 10 லட்சம் ரூபாய்த் திட்டத்துக்கு 35 சதவீதம் என்று 3.5 லட்சம் மானியம் தருகிறீர்கள். ஒரே ஒருவருக்குத் தரும் அந்தத் தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கில் 25 பேரையும் பார்த்துவிட்டு வரலாம்.

வருகைப் பதிவையும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வையும் மட்டும் வைத்து அணியின் வெற்றியைக் கணக்கிடாதீர்கள். நான்காவது மாதம் கடையில் நான்கு விஷயத்தைப் பாருங்கள்: இரண்டு டப்பாவும் புழக்கத்தில் இருக்கிறதா, பாக்கிப் பட்டியலில் தேதி இருக்கிறதா, சொன்ன தேதிக்கு ஒப்படைத்தது எத்தனை, பக்கத்துக் கடையைப் பார்த்துச் செய்யாமல் தானாக முயன்ற ஒன்று என்ன. அந்தத் தாளை அணிவாரியாகத் தகவல் பலகையில் ஒட்டுங்கள், பெயர்கள் இல்லாமல்.

பயிற்றுநர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து நாள் பயிற்சி வேண்டும், அதில் ஒரு நாள் அவர்களே பேருந்து நிலையத்தில் கடலைமிட்டாய் விற்க வேண்டும். அட்டவணை தயாரிக்கும் அதிகாரிகளில் ஒருவராவது அன்று கூட வர வேண்டும்.

சிறப்புரையை ரத்து செய்யுங்கள். சால்வைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஒதுக்கிய தொகையில் 50 டப்பா வாங்கலாம்.

அடுத்த அணிக்கு விண்ணப்பம் வாங்கி முடிப்பதற்குள் திருத்திய அட்டவணையை வெளியிடுங்கள். முடியாதென்றால், காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
சிறுதொழில் பயிற்றுநர்கள் சிலர்